சைபர் இரண்டு சைபருக்குப் போன வண்டி

ரீத் மோலனாருக்கு டிராம் வண்டி என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய டிராம்களுக்கு வீடு தேடிக் கொடுத்த பெண் என்றதும் ஆளாளுக்கு ஒரு கருணை உள்ளத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கருணையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அவளுக்கு அது ஒரு வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக எங்கள் ரோட்டர்டாமில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

ஆற்றுக்குத் தெற்கே, கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள் குடியிருந்த தெருவில் 1944-ல் பிறந்தவள். அப்பாவும் மூட்டை இறக்கியவர்தான். பதினேழு வயதில் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே குப்பை கொட்டினாள். எத்தனையோ கப்பல், எத்தனையோ நாட்டுக் கேப்டன்கள், எல்லோரும் அவளுக்குப் பயந்தார்கள். காரணம், காகிதத்தில் எழுதியிருக்கும் நம்பரை அவள் நம்பமாட்டாள். பெட்டியைத் திருப்பு என்பாள். மேலே ஒட்டிய சீட்டைப் பார்க்காதே, மரத்தில் அடித்த முத்திரையைப் பார் என்பாள். இதனால் மூன்று கப்பல்கள் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியிருக்கின்றன. ஒரு கிரேக்கக் கேப்டன் அவளுக்குச் சுங்கத்துப் பிசாசு என்று பெயர் வைத்தான். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

1969-ல் லேனைக் கட்டிக்கொண்டாள். கப்பல் கட்டும் இடத்தில் எலக்ட்ரீசியன், சாது, கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். டிராம் என்ற கெட்ட பழக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. தேனிலவுக்கு ஜெர்மனி போனார்கள். நான்கு நாளில் ஏழு டிராம் கொட்டகை. எட்டாவது கொட்டகை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"லேன், இதுக்குள்ள நீ கால் வச்சா நான் ரயிலேறிப் போயிடுவேன். அப்புறம் டிராமையே கட்டிக்கிட்டு படு."

"அஞ்சே நிமிஷம் ரீத்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். அவளும் ரயிலேறவில்லை. அது அவள் செய்த தப்பு என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பழைய டிராம் காப்போர் சங்கம் என்று எங்கள் ஊரில் ஒன்று உண்டு. ஓட்டத்திலிருந்து எடுத்த வண்டிகளை வாங்கி, ஒரு பழைய கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் நாற்பது ஐம்பது ஆம்பிளைகள் அங்கே கூடுவார்கள். ஒரு வண்டிக்கு ஒரு காட்ஃபாதர் என்பது அவர்கள் வழக்கம். அந்த வண்டியைத் துடைப்பதும் சாயம் பூசுவதும் அவன் உரிமை. வேறொருவன் கை வைத்தால் கொலை விழும். ஒரு வண்டியின் காட்ஃபாதர் செத்தால் அவனுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுத்த ஆளைப் பேசி முடித்த கதையெல்லாம் உண்டு.

லேனுடைய வண்டி 301. சாதாரண வண்டியல்ல, சங்கத்தின் குலதெய்வம். 1911-ல் அந்த வரிசையில் முதலாவதாகச் செய்தது. நாற்பதாம் வருஷம் யுத்தத்தில் ஜெர்மன்காரன் குண்டு போட்டு நகரம் எரிந்ததற்குப் பிறகு முதலில் ஓடிய வண்டியும் அதுதான் என்று எங்கள் ஆட்கள் மார் தட்டுவார்கள். லேன் அதை 1976-ல் ஏற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு முப்பது வருஷச் சனிக்கிழமைகள் அதற்கே போயின. பித்தளைக் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்து அவன் கட்டைவிரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. குழந்தை இல்லை அவர்களுக்கு. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை, 301 பற்றி மட்டும் சண்டை போடுவார்கள்.

2006-ல் கொட்டகைக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அக்டோபர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இருந்தவை முப்பத்தொரு வண்டிகள். புதிதாகக் கிடைத்த கொட்டகையில் பதினான்குதான் நிற்கும். மிச்சம் பதினேழு வண்டிக்கு வேறு வீடு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புக்கடைதான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைவர் பாஸ்டியான் எழுந்தார். ஆறடி மூன்றங்குலம், வெள்ளைத் தாடி, முப்பது வருஷமாக அதே நாற்காலி.

"நம்ம லேனோட சம்சாரம் இருக்காங்களே. காலம் பூரா சரக்கு அனுப்பினவங்க. டிராம் மேல பாசமும் கிடையாது. கசாப்புக்கடைக்காரனுக்கு ஆட்டு மேல பாசம் இருந்தா கடை நடக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். லேனும் சிரித்தான். சங்கத்தில் செயலாளர் வேலை பார்க்க ஆளில்லாமல் ரீத்தை இழுத்துவிட்டிருந்தார்கள். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"செய்யறேன். ஆனா ஒவ்வொரு வண்டிக்கும் உங்ககிட்ட வந்து ஒப்பாரி கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். எங்க அனுப்பறதுன்னு நான் முடிவு பண்ணிக் கையெழுத்துப் போடுவேன். சம்மதம்னா கை தூக்குங்க."

தூக்கினார்கள். பிறகு பாஸ்டியான் ஒரு நிபந்தனை சேர்த்தார். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அந்த ஊருக்கு மட்டும் ஒரு வண்டியும் போகக்கூடாது.

அந்த ஊர் என்றால் ஆம்ஸ்டர்டாம், எங்கள் ஊருக்கு ஜென்மப் பகை. எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லக் கூசுவார்கள். அதன் டெலிபோன் கோடு 020. சைபர் இரண்டு சைபர் என்றால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

"ஊர் பேரை எழுதட்டுமா?" என்று ரீத் கேட்டாள்.

"அந்தப் பேர் நம்ம நோட்டுல வரவே கூடாது!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "டெலிபோன் கோடைப் போடுங்க, போதும்!"

அப்படியே எழுதினாள். 'டெலிபோன் கோடு 020 உள்ள எந்த முகவரிக்கும் வண்டி தரப்படாது.' படித்துக் காட்டினாள். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த ஐந்து மாதம் அவள் வீட்டு டெலிபோன் ஓயவில்லை. ஸ்வீடனில் ஒரு அருங்காட்சியகம் இரண்டு வண்டி எடுத்தது. போலந்தில் ஒரு பூங்காவுக்கு நான்கு. வடக்கே கூடாரம் போட்டுத் தங்கும் இடத்துக்காரி ஒருத்தி அப்பம் சுடும் கடை வைக்க ஒன்று கேட்டாள். அந்த வண்டியின் காட்ஃபாதர் ரீத்தின் வீட்டு வாசலுக்கே வந்து மூச்சிரைக்க நின்றான்.

"என் 127-ல அப்பம் சுடப் போறாங்களாமே! உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு. சுட்டதும் உனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்றேன். சர்க்கரை போட்டா, போடாமலா?"

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? பிணந்தூக்கி என்று பெயர் வைத்தார்கள். சவ மாலையில் கட்டும் ரிப்பனைத் தபாலில் அனுப்பினார்கள். சனிக்கிழமை காபி நேரத்தில் பிஸ்கட் டப்பா அவள் பக்கம் வருவதற்குள் மூடிக்கொண்டது. எங்கள் நாட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான், அந்த ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் பதினாறு வண்டிகளுக்கு வீடு பார்த்துவிட்டாள். ஒன்றுகூட இரும்புக்கடைக்குப் போகவில்லை. நன்றி என்று ஒரு வாய் திறக்கவில்லை.

மிச்சம் இருந்தது 318. கொட்டகையின் கடைக்கோடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, கூரை உளுத்து, காட்ஃபாதர் இல்லாத அனாதை. 301-க்கு ஏதாவது தேவைப்பட்டால் அதிலிருந்துதான் பிடுங்குவார்கள். யாரிடம் கேட்டாலும் படத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள்.

அக்டோபர் நடுவில் ஒருவன் கூப்பிட்டான். ஃபிரேக் என்று பெயர் சொன்னான். வாயைத் திறந்ததுமே எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிட்டது.

"உங்ககிட்ட ஒரு நசுங்கின வண்டி இருக்காமே. எங்களுக்குக் குடுங்க. தச்சர் மூணு பேர் இருக்காங்க, உளுத்த மரத்தைப் பார்த்தா அவங்களுக்கு நாக்குல எச்சில் ஊறும்."

"சைபர் இரண்டு சைபருக்குக் கிடையாது. தீர்மானம்."

"அடேங்கப்பா! அவ்வளவு பாசமா எங்க மேல?"

"பாசத்துலதான் இவ்வளவு மரியாதையா பேசறேன். வையுங்க போனை."

வைத்துவிட்டாலும் கமிட்டியில் சொன்னாள். வண்டி பிழைத்தால் போதும், ஊர் எதுவானால் என்ன என்று கேட்டாள். பாஸ்டியான் மேஜையில் குத்தினார். அந்தப் பயல்கள் கைக்குப் போவதைவிட வெட்டி உருக்கலாம் என்றார். வெட்டும் ஆளுக்கு வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அங்கேயே போன் போட்டார். எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. லேன் முதல் ஆளாகத் தலையாட்டினான்.

வெட்டுகிறவனுக்கும் ஒரு காகிதம் வேண்டும். இன்ன நம்பர் வண்டி அழிக்கப்பட்டது என்று ரீத் எழுதித் தர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அவள் தார்ப்பாயை விலக்கி உள்ளே ஏறினாள். வெளியே பித்தளைத் தகட்டில் 318 என்று இருந்தது. தகட்டை நம்பி அவள் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. மரத்தில் செய்த வண்டிகளில் ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தின் அடியிலும் வண்டி நம்பரை முத்திரையாக அடித்திருப்பார்கள். கழற்றி மாட்டும்போது மாறிப் போகாமலிருக்க அந்தக் காலத்துத் தச்சர்கள் செய்த ஏற்பாடு. சட்டம் ஒன்றைத் தூக்கி, வீட்டுச் சாவியால் சாயத்தைச் சுரண்டினாள். ஏழு அடுக்குச் சாயம். பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை. அதற்கடியில் 301.

பக்கத்துச் சட்டத்தைச் சுரண்டினாள். 301. எதிர்ப்பக்கம் போனாள். அங்கும் அதுவே.

கீழே இறங்கி நேராக லேனுடைய வண்டிக்குப் போனாள். அதன் சட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது, அவ்வளவு நன்றாக வைத்திருந்தான். அடியில் சுரண்டினாள். 318. முப்பது வருஷமாகத் தன் புருஷன் கும்பிட்ட சாமி வேறு யாரோ.

"நம்பரைப் பார்த்துட்டியா?"

பின்னால் பாஸ்டியான் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் பேசும் மரியாதைப் பன்மை போய்விட்டிருந்தது.

"யார் மாத்தினது?"

"நான்தான். எழுபத்துநாலுல. ரெண்டும் இரும்புக்கடையில பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. நிஜ 301 மேல கிரேன் இடிச்சு நசுங்கிக் கிடந்தது. மறுநாள் பேப்பர்காரன் போட்டோ எடுக்க வர்றான். நசுங்கின வண்டியைக் காட்டி யார்கிட்ட நன்கொடை கேக்க முடியும்? நம்பர் தகட்டுக்கு எட்டு ஸ்க்ரூ. கால் மணி நேர வேலை."

"அப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்போ? லேன் அதைத் தொட்டுக் கும்பிட ஆரம்பிச்சதுக்கு அப்புறமா?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சைபர் இரண்டு சைபர் மேல் இருந்த வெறுப்பு மற்றவர்களுக்கு நிஜம், இவருக்கு வேஷம். அங்கே மூன்று தச்சர்கள் சட்டத்தைச் சுரண்டினால் நாடே சிரிக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லியிருக்கிறார். தான் சொன்ன பொய்க்காக நிஜத்தை வெட்டிப் போடப் பார்க்கிறார்.

"போய்ச் சொல்லேன் உன் புருஷன்கிட்ட" என்றார் பாஸ்டியான். "நீ முப்பது வருஷம் துடைச்சது டூப்ளிகேட்டுன்னு உன் வாயாலயே சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

அவள் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கெல்லாம் மேலான ஆத்திரம். லேனை அவள் நாள் முழுக்கத் திட்டலாம், மடையன் என்று சொல்லலாம், டிராமைக் கட்டிக்கொண்டு படு என்று சொல்லலாம். இதை மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் அறுபத்துமூன்று வயதில் அவனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

வீட்டுக்கு வந்து ஃபிரேக்குக்குப் போன் போட்டாள்.

"உங்க வண்டியெல்லாம் எங்க நிக்குது?"

"ஆபீஸ் ஊருக்குள்ள. வண்டிங்க ஹார்லம்ல, பக்கத்து ஊர்ல ஒரு கொட்டகை. ஏன்?"

"அங்க டெலிபோன் கோடு என்ன?"

"023." பிறகு அந்தப் பக்கம் பெரிய சிரிப்புக் கேட்டது. "அம்மா, நீங்க எங்க ஊர்ல பிறந்திருக்க வேண்டியவங்க!"

"வாயைக் கழுவு. வியாழக்கிழமை காலையில லாரி வரணும். ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை எழுதுவேன். இருபது வருஷத்துக்கு உள்பக்கச் சாயத்தைச் சுரண்டக் கூடாது, நம்பர் தகட்டைக் கழற்றக் கூடாது."

"சாயத்துக்கு அடியில என்ன இருக்கு?"

"மரம்."

"வெறும் மரமா?"

"இஷ்டம்னா கையெழுத்துப் போடு. இல்லேன்னா வெள்ளிக்கிழமை வந்து அடுப்புக்கு விறகு பொறுக்கிட்டுப் போ."

அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வாய்கொழுத்த ஊர்க்காரன் வாயை மூடிக்கொண்டிருப்பானா என்ற பயமும் இருந்தது. ஆனால் வெட்டுகிறவனுக்கும் அவனுக்கும் நடுவே அவளுக்கு வேறு வழி இல்லை.

வியாழக்கிழமை மழை. லாரியில் வண்டியை ஏற்றிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தபோது பாஸ்டியான் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். 301-ஐத் துடைத்துக்கொண்டிருந்த லேனும் சத்தம் கேட்டு வந்துவிட்டான்.

"இறக்கு! தீர்மானம் இருக்கு!" என்றார் பாஸ்டியான்.

ரீத் நோட்டைப் பிரித்துப் படித்தாள். 020 உள்ள முகவரிக்குத்தான் தடை. இது 023. முகவரி இதோ, கையெழுத்து இதோ. ஊர்ப் பெயரை எழுதட்டுமா என்று அன்றைக்கே கேட்டேன், நோட்டில் வரவே கூடாது என்றீர்கள் என்றாள்.

"அதே பயலுங்கதான் இவனுங்க! ஏமாத்தறா!" என்று பாஸ்டியான் கத்தினார்.

ரீத் அவர் தாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா கத்துங்க, தலைவரே. ஒரு நசுங்கின வண்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதுக்குன்னு லேன் கேப்பான். ரெண்டு பேருமா சேர்ந்து பதில் சொல்லலாம்."

பாஸ்டியான் கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கப் போனார். லேன் மட்டும் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். மழை அவன் வழுக்கையில் வழிந்தது.

"ரீத், இறக்கச் சொல்லு. அவனுங்களுக்கா குடுக்கறே? நம்ம ஊர் வண்டியை அவனுங்களுக்கா?"

"நேத்து வரைக்கும் வெட்டலாம்னு தலையாட்டினியே, நம்ம ஊர் வண்டியை."

"வெட்டினா அது நம்ம கையால சாகும். இது துரோகம்."

"நகரு லேன். சளி பிடிக்கும்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் முப்பத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவள் காணாத ஒன்று இருந்தது. பிறகு விலகி, தன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். லாரி கிளம்பியது.

பத்து நாளில் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அவளைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம். பாஸ்டியான் முன்மொழிந்தார். துரோகம், வஞ்சகம், சங்கத்தின் மானம் என்று அரை மணி நேரம் பேசினார். ரீத் அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே அத்தனையையும் குறிப்பெழுதினாள், செயலாளர் இன்னும் அவள்தானே. கை தூக்கச் சொன்னபோது எண்ணி எழுதுவதும் அவள் வேலை. ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, லேன் கை தூக்கியிருந்தான். அவனையும் எண்ணினாள். நாற்பத்திரண்டு. எழுதி, கீழே கோடு போட்டு, நோட்டை மேஜையில் வைத்துவிட்டு மழைக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் லேன் அவளிடம் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் கை நீட்டி எடுத்துக்கொள்வான். அவளும் பேசவில்லை. துணியைத் துவைத்தாள், காபி போட்டாள், மனதுக்குள் அவனையும் அவன் தூக்கிய கையையும் சபித்தாள். இரண்டாம் வாரத்தில் ஃபிரேக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. கூரைக்குப் புது மரம் வைத்திருந்தார்கள். நசுங்கின பக்கம் நிமிர்ந்திருந்தது. பின்னால் ஒரு வரி: 'சுரண்டவில்லை, அம்மா. கை அரிக்கிறது.' பார்த்துவிட்டு அடுப்பில் போட்டு எரித்தாள்.

டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லா வீட்டிலும் போல, சாப்பிட உட்கார்ந்தார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, கீரை மசியல், கறி உருண்டை. அக்டோபர் கடைசியிலிருந்து புதுக் கொட்டகையின் ஒரு மூலையில் கிடந்த 301-ஐ அன்றைக்குத்தான் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். லேன் இரண்டு வாய் சாப்பிட்டான், முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நல்லா நிக்குது" என்றான். ஏழு வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "கதவுக்கு நேரா. வர்றவன் கண்ணுல முதல்ல அதுதான் படும்."

அவள் உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீ பண்ணினதை என்னால மன்னிக்க முடியாது ரீத். டிராம்னா என்னன்னே தெரியாது உனக்கு. தகரம், மரம், அவ்வளவுதான். அந்த 318 போனது போகட்டும். அது இடத்துல என் 301-ஐ அவனுங்ககிட்ட அனுப்பியிருந்தேன்னு வச்சுக்க, அன்னிக்கே நான் செத்திருப்பேன்."

ரீத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. கை தூக்கியவனுக்கு இந்தப் பேச்சு வேறா? ஒரே ஒரு நம்பர் சொன்னால் போதும், இந்த மேஜையில் அவன் வாயடைத்துப் போவான், மன்னிப்பும் கேட்பான், வாழ்நாள் முழுக்கக் கேட்பான். சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவன் கை மேஜை மேல் இருந்தது, ரேகை தேய்ந்த கட்டைவிரலோடு.

"301-ஐ நான் அனுப்புவேனா?" என்றாள். "ஆறிப்போகுது, சாப்பிடு."

அவன் முள்கரண்டியை எடுத்தான். அவள் அவன் தட்டில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கை வைத்து, குழம்பு ஊற்றினாள்.